இஸ்திரி போட்ட கை

“விருந்தாளி ராத்திரி நல்லாத் தூங்கினாரா?” என்று கேட்டுக்கொண்டேதான் நெல்ஃபா காலையில் அந்த அறைக்குள் நுழைவாள். கட்டிலில் படுத்திருப்பவரைக் கேட்பதில்லை. அவருடைய இடது கையைக் கேட்பாள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்தக் கை ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை. தனக்கென்று ஒரு தலையணை வைத்துக்கொண்டு சாய்ந்தே இருக்கிறது. வேளை தவறாமல் துடைத்து, எண்ணெய் தடவி, விரல் விரலாக நீவிவிட வேண்டும். அதனால் அது விருந்தாளி. வேலை செய்கிற வலது கை வீட்டுக்காரர். சட்டை போடும்போது முதலில் இடது கையைத்தான் நுழைப்பாள். “விருந்தாளிக்கு அப்புறந்தான் வீட்டுக்காரருக்கு” என்பாள். கழற்றும்போது முறை மாறும். “விருந்தாளிய முதல்ல எழுப்பி அனுப்பினா நல்லாவா இருக்கும்? வீட்டுக்காரர் எந்திரிக்கட்டும்.”

கட்டிலில் இருக்கும் அனிசெட்டோ கப்பல்களில் தலைமை எஞ்சினியராக உலகம் சுற்றியவர். அவர்கள் ஊரான மோலோவில் எல்லாருக்கும் அவர் ‘சீஃப்’. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகும் அதட்டல் குறையவில்லை.

“இந்த விருந்தாளிய எப்பத்தான் ஊருக்கு அனுப்பப் போற?” என்பார்.

“சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லியிருக்கேன் சீஃப். வெறும் வயித்தோட அனுப்பறது நம்ம வழக்கமா?” என்பாள் நெல்ஃபா.

தினமும் இதே கேள்வி, இதே பதில். யாராவது ஒருவர் மறந்துவிட்டால் மற்றவருக்குக் கஞ்சி இறங்காது. கழிப்பறைக்கு நடத்திப் போகும்போது “மெதுவா முன்னால” என்று கப்பல் பாஷையில் குரல் கொடுப்பாள். நிலைப்படி வந்தால் “எஞ்சின நிறுத்து.” சீஃப் வாயாலேயே மணி அடிப்பார். அந்த வீட்டு நாய் மணிச் சத்தம் கேட்டால் எழுந்து வழி விடும்.

நெல்ஃபா நாற்பதைத் தாண்டியவள். குள்ளம், நடக்கும்போது குடம் உருண்டு வருவது போல் இருக்கும். பார்த்தவர்கள் மறக்காதது அவளுடைய வலது முழங்கையைத்தான். எப்போதும் சற்றே மடங்கி, விலாவிலிருந்து ஒரு சாண் விலகி நிற்கும், யாரோ அதைப் பிடித்துக்கொண்டு வருவதைப் போல. மீன் வாங்கப் போனாலும் பூசைக்குப் போனாலும் அப்படித்தான். சந்தை வாசலில் சாலையைக் கடக்க நிற்கும் கிழவிகள் அந்த முழங்கையைக் கண்டால் கேட்காமலே பற்றிக்கொள்வார்கள். நெல்ஃபா யாரென்று திரும்பிப் பார்க்க மாட்டாள். நடையை மட்டும் குறைத்துக்கொள்வாள். ஒருமுறை அப்படித் தொற்றிக்கொண்ட ஒரு மூதாட்டி அவளோடு ஜீப்னி வண்டியிலும் ஏறி, இருவருமாக நகரத்தின் மறுகோடியிலிருக்கும் ஹாரோ வரைக்கும் போய்விட்டார்கள். “நீ விடுன்னு சொல்லல, நான் விடல” என்றாளாம் அந்த அம்மாள்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்கிறவள் நெல்ஃபாவின் அக்கா அடெல்ஃபா. மோலோ சந்தையில் மீன் கடைகளுக்கு அடுத்து ஒரு தையல் மெஷினும் ஓர் இஸ்திரி மேசையும் போட்டு, பழைய துணிகளைத் திருத்திக் கொடுக்கிறாள். தையலில் ஒரு நூல் பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குகிறவள். கால்சட்டைக்கு அடி மடிக்க வந்தவர்கள், மடிப்பு முடிவதற்குள் தங்கச்சியின் வரலாற்றில் பாதியைக் கேட்டுவிடுவார்கள். ஜிப் மாற்ற வந்தவர்களுக்கு முழு வரலாறும் கிடைக்கும்.

“எங்க நெல்ஃபா படுக்கையில ஆள் இருக்கும்போதே விரிப்ப மாத்திடுவா. படுத்திருக்கிறவங்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும், ஏன்னா என்னையும் அப்படித்தான் மாத்தினா. எனக்கு நோயில்ல, நொடியில்ல. விரிப்புல ஒரு சுருக்கம் இருந்துச்சாம்.”

அப்படிப்பட்ட நெல்ஃபாவுக்கு லைசென்ஸ் இல்லை என்று ஒரு நாள் தெரியவந்தது. அதுவரை யாரும் கேட்கவில்லை. கனடாவிலிருக்கும் சீஃபின் மகள் மாரிவிக் கேட்டாள். வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தேர்வு எழுதி அரசுச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், அப்பாவின் காப்பீட்டுக்காரர்கள் அதைக் கேட்கிறார்கள் என்று போனில் முகத்தைக் காட்டிச் சொன்னாள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல நெல்ஃபா. நீங்க இல்லாம அப்பா இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா கிறிஸ்துமஸுக்குள்ள வாங்கிடுங்க. இல்லன்னா ஏஜென்சியிலேர்ந்து ஆள் போட வேண்டியிருக்கும்.”

ஏஜென்சி ஆள் எப்படி இருப்பார் என்பது சீஃபுக்குத் தெரியும். நெல்ஃபா காய்ச்சலில் படுத்தபோது ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் சீஃபிடம் குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார். “ஆ காட்டுங்க, ஆ” என்றார். விருந்தாளியை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. சீஃப் அவர் போகும்வரை வாயைத் திறக்கவில்லை, கஞ்சிக்கும் சரி, பேச்சுக்கும் சரி.

மோலோவில் சான்றிதழ் என்ற சொல் எடுபடவில்லை. லைசென்ஸ்தான். முச்சக்கர வண்டி ஓட்டும் எலிசர் சந்தை முழுக்கக் கேட்கும்படி, “இத்தன வருஷம் லைசென்ஸ் இல்லாமலா ஓட்டின?” என்றான்.

“ஓட்டினேன். ஒரு ஆள மோதினேனா? நீ லைசென்ஸ் வெச்சுக்கிட்டு ஒரு ஆட்டையும் ரெண்டு கூடை கத்திரிக்காயையும் மோதின” என்றாள் நெல்ஃபா.

வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பு நாட்களில் சீஃபுக்கு அடெல்ஃபா காவல். முதல் நாள் அவள் எல்லாம் சரியாகவே செய்தாள். சட்டையைக்கூடக் காலரில் சுருக்கம் இல்லாமல் போட்டுவிட்டாள். சீஃப் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். நெடுநேரம் கழித்துத்தான் காரணம் வந்தது. “நீ விருந்தாளிய விசாரிக்கவே இல்ல.” சந்தையில் யாருக்கும் பணிந்து பேசாத அடெல்ஃபா, அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு கையிடம் சுகம் விசாரித்தாள்.

தேர்வுக்கென்று அடெல்ஃபாவே வெள்ளைச் சீருடை தைத்தாள். வலது முழங்கையின் பழக்கம் தெரிந்தவள் ஆதலால் அந்தப் பக்கம் மட்டும் கையைக் கொஞ்சம் தாராளமாக வெட்டினாள். அதை இஸ்திரி போட்ட அன்று ராத்திரி ரொட்டியை முள்கரண்டியால் சாப்பிட்டாள். வாழைப்பழத்தையும் முள்கரண்டியால்தான் உரித்தாள். இஸ்திரி போட்ட கை மறுநாள் காலைவரை நனையக் கூடாது. சூடு ஏறிய கையில் பச்சைத் தண்ணீர் பட்டால் நரம்பு சுருண்டு நடுக்கம் வந்துவிடும். அதற்குப் பாஸ்மா என்று பெயர். மோலோவில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. நெருப்பு சுடும் என்று தெரிவது போல இதுவும் தெரியும்.

அவர்கள் வீட்டில் கண்ணாலும் பார்த்தார்கள். அம்மா பெரிய வீடுகளுக்குத் துணி தேய்த்துக் கொடுத்தவள். பகலெல்லாம் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த கையோடு சாயங்காலம் அரிசி களைவாள். களையாதே என்று ஊரே சொன்னது. வந்து களைந்து தருகிறேன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கடைசிக் காலத்தில் அவள் காபிக் கோப்பை தட்டில் தாளம் போட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நெல்ஃபாதான் கரண்டியால் ஊட்டுவாள். லைசென்ஸ் இல்லாமல் அன்றைக்கு ஓட்டத் தொடங்கியவள்.

தேர்வு மையம் ஒரு மாடிக் கட்டிடம். வீட்டுப் பராமரிப்பு என்றால் நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது. அவருடைய படுக்கை, துணி, சாப்பாடு எல்லாவற்றையும் செய்து காட்ட வேண்டும். எது முதலில், எது பின்னால் என்று சீட்டெடுத்து முடிவு செய்வார்கள். பக்கவாட்டில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். கூட வந்தவர்கள் அங்கே நின்று பார்க்கலாம், பேசக் கூடாது. புழுக்கத்துக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்ததால் உள்ளே பேசுவது அடெல்ஃபாவுக்கு நன்றாகவே கேட்டது.

படுக்கை விரித்தாள். தேர்வாளர் பால்மெஸ் அம்மையார் விரிப்பின் மேல் ஒரு நாணயத்தைப் போட்டுப் பார்த்தார், துள்ளியது. அடுத்து இஸ்திரி. நெல்ஃபா சட்டையின் காலரில் தொடங்கி ஓரம் ஓரமாக முடித்து மடித்து வைத்தபோது, ஜன்னலுக்கு வெளியே நின்ற அடெல்ஃபாவுக்கே கண்ணேறு கழிக்க வேண்டும் போலிருந்தது. அதற்கடுத்து, கட்டிலில் கிடந்த பிளாஸ்டிக் பொம்மைக்கு உடம்பு துடைத்துவிட வேண்டும். நெல்ஃபா பொம்மையிடம், ஒரு தாத்தாவிடம் பேசுவது போலவே, “எப்படி இருக்கீங்க லோலோ? ராத்திரி தூங்கினீங்களா?” என்று பேச்சுக்கொடுத்துக்கொண்டே போய், தொடாமல் நின்றாள்.

“கை கழுவிட்டு ஆரம்பிங்க” என்றார் அம்மையார்.

“இப்பத்தானே மேம் இஸ்திரி போட்டேன். கை கொதிக்குது.”

“தெரியும். குழாய் அங்க இருக்கு. முழங்கையால திறக்கணும், ஞாபகம் இருக்குல்ல?”

“ஞாபகம் இருக்கு மேம். கொஞ்சம் ஆறட்டும். அதுவரைக்கும் லோலோவுக்கு ஒரு கத சொல்றேன்.”

“நேரம் ஓடுது நெல்ஃபா.”

“ஓடட்டும் மேம். ஓடுற நேரம் அதுபாட்டுக்கு ஓடும். கை நடுங்க ஆரம்பிச்சா நிக்காது.”

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். “பாஸ்மா எனக்கும் தெரியும்மா. எங்கம்மாவும் திட்டியிருக்காங்க. ஆனா கழுவாத கையோட நோயாளியத் தொட விடலாமா? நீங்களே சொல்லுங்க.”

“கூடாதுதான். அதான் தொடாம நிக்கறேன்.”

நெல்ஃபா இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். “வீட்டுல இஸ்திரி போட்டுட்டு நீங்க கழுவுவீங்களா மேம்?”

அம்மையார் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். “நான் துணிய வெளிய குடுத்துடறேன்.”

நேரம் முடிந்தது. தோற்றவர்களை அந்த மையத்தில் தோற்றவர்கள் என்று சொல்வதில்லை, மனசு நோகும். தாளில் ‘இன்னும் தகுதி பெறவில்லை’ என்று எழுதிக் கொடுப்பார்கள். நெல்ஃபா அதைச் சந்தைக்குக் கொண்டுவந்து இஸ்திரி மேசையில் விரித்தாள்.

“‘இல்ல’ன்னு சொல்லல பாருங்க. ‘இன்னும் இல்ல’ன்னுதான் சொல்லியிருக்காங்க.”

“எனக்கும் இதையேதான் சொல்லிக்கிட்டிருக்க” என்றான் எலிசர். அவன் நெல்ஃபாவைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு எத்தனையோ கிறிஸ்துமஸ் போய்விட்டது. “இப்பத் தெரியுதா அது எப்படி இருக்கும்னு?”

“உனக்கும் மறுதேர்வு உண்டு. முதல்ல கை கழுவிட்டு வா” என்றாள் அவள்.

சிரித்தார்கள். ஆனால் அந்த வருஷத்தில் மறுதேர்வுத் தேதி இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை விட்டால் கிறிஸ்துமஸ் தாண்டிவிடும். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கையுறை போட்டுக்கொள்ளலாமே என்றாள் மீன்காரி. கழுவின கையில்தான் கையுறை போட வேண்டும் என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். இஸ்திரியைச் சூடாக்காமல் தேய்க்கலாமே. சுருக்கம் அப்படியே இருக்கும். “இடது கையால தேய், வலது கையக் கழுவு” என்றான் எலிசர். இரண்டையும்தான் கழுவ வேண்டும் என்று தெரிந்ததும், “அப்ப என்னைக் கூட்டிட்டுப் போ, நான் தேய்க்கறேன்” என்றான்.

சீஃப் தன் பங்குக்கு எஞ்சின் அறையை இழுத்தார். “பாய்லர் பக்கத்துல வெந்துட்டு மேல வருவோம். மேல வந்தா கடல் தண்ணி மூஞ்சியில அடிக்கும். எத்தன பேரு! ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல.”

நெல்ஃபா தலையணையில் சாய்ந்திருந்த விருந்தாளியைப் பார்த்தாள். சீஃபும் பார்த்தார். “இது வேற” என்றார். குரலில் அதட்டல் இல்லை.

அடெல்ஃபா மோலோ கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அங்கே தூணுக்குத் தூண் பெண் புனிதர்கள் நிற்கிறார்கள். யாரிடம் கேட்பது என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் மார்த்தாவிடம் நின்றாள். மற்றவர்களெல்லாம் ஜெபித்தவர்கள், தவம் செய்தவர்கள். வீட்டு வேலை பார்த்தவள் இவள் ஒருத்திதான். இஸ்திரியைக் கடைசிச் சீட்டாக வரச்செய் தாயே என்று வேண்டிக்கொண்டாள்.

ஆனால் நெல்ஃபாவுக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை. ஒரு நாள் பிற்பகல் சந்தைக்கு வந்தாள். அடெல்ஃபா பள்ளிச் சீருடைகளை அம்பாரமாகக் குவித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நெல்ஃபா மேசையோரம் நின்று, மடித்து வைத்த சட்டைகளையே மறுபடி மடித்தாள். அக்காவை அவள் கூப்பிடுவது ‘மனாங்’, அக்கா அவளைக் கூப்பிடுவது ‘இன்டாய்’.

“மாரிவிக்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன் மனாங். ஏஜென்சி ஆளே வரட்டும். நான் போய் அவருக்கு எல்லாத்தையும் சொல்லிக்குடுத்துட்டு வந்துடறேன். எந்தக் கைக்கு முதல்ல சட்டை, எப்ப மணியடிப்பாரு, எல்லாம்.”

“தண்ணிக்குப் பயந்தா?”

“தண்ணிக்குப் பயந்து இல்ல. கை நடுங்கினா நான் யாரத் தூக்கறது? அம்மாவோட கரண்டி உனக்கு ஞாபகம் இல்லியா?”

அடெல்ஃபா கடைசிச் சட்டையை முடித்தாள். காலரை ஒரு முறை தடவிப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். பிறகு நேராக மீன் கடைக்கு நடந்து, ஐஸ் உருகி நின்ற வாளிக்குள் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை விட்டாள்.

மீன்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். எலிசர் வண்டியை விட்டு இறங்கி ஓடிவந்தான். நெல்ஃபா போட்ட கூச்சலில் கருவாட்டுக்கடைப் பூனைகள்கூடச் சிதறின.

“உனக்கென்ன பைத்தியமா மனாங்? எடு, கைய எடு! அதுவும் ஐஸ் தண்ணியில!”

“சும்மா கத்தாத இன்டாய். யாராவது ஒருத்தர் பாத்துத்தானே ஆகணும்? என் கை நடுங்கினா தையல் கோணும். கோணினாப் பிரிச்சுத் தைக்கலாம். உன் கை நடுங்கி சீஃப் கீழ விழுந்தா அவரப் பிரிச்சுத் தைக்க முடியுமா?”

சொல்லிவிட்டாளே தவிர, தண்ணீரிலிருந்து கையை எடுத்தபோது அவள் முகம் வெளிறித்தான் இருந்தது.

அன்றிலிருந்து அடெல்ஃபா நோயாளி ஆனாள். நெல்ஃபா காலையும் மாலையும் வந்துவிடுவாள். “நீட்டு. விரிச்சு நீட்டு” என்பாள். நீட்டிய விரல்கள் மேல் ஒரு மெல்லிய காகிதத்தைப் பரப்பி வைத்து, அதன் ஓரம் ஆடுகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். இத்தனை வருஷம் தங்கச்சியின் பெருமையைச் சந்தைக்குச் சொன்னவளுக்கு, அந்தக் கை எப்படியிருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. நெல்ஃபா பிடிப்பதே இல்லை. மணிக்கட்டுக்கு அடியில் தன் கையை ஒரு பலகை மாதிரி வைப்பாள், அவ்வளவுதான். விழுந்தால் அது மேல்தான் விழ முடியும். சீஃப் ஏன் வேறு யாருக்கும் வாயைத் திறப்பதில்லை என்பது அடெல்ஃபாவுக்குப் புரிந்தது.

காகிதம் ஆடவில்லை. மறுநாளும் ஆடவில்லை. மூன்றாம் நாள் ஆடியது. மின்விசிறியை நிறுத்தியதும் நின்றுவிட்டது. மீன்காரி வாடிக்கையாளர்களிடம் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். சீஃபும் கட்டிலிலிருந்து விசாரித்தார். “உங்கக்கா எஞ்சின் எப்படி ஓடுது?”

“முழு வேகத்துல சீஃப்.”

“அப்ப நீ போய்க் கழுவு.”

“பாக்கலாம். இன்னும் முடிவு பண்ணல.”

தேர்வு நாள் காலையில் அடெல்ஃபா ஊசியில் நூல் கோத்துப் பார்த்தாள். தினமும் முதல் குத்திலேயே நுழைகிற நூல், அன்று மூன்றாம் முறைதான் நுழைந்தது. விளக்கு மங்கல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விளக்கு என்றைக்கும் போலத்தான் எரிந்துகொண்டிருந்தது. கடுங்காபியை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினாள். நெல்ஃபா வழக்கம்போல “நீட்டு” என்றபோது, “வண்டி வந்துடுச்சு பாரு” என்று கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். எலிசர் அன்று ஆட்டையும் கத்திரிக்காயையும் விலக்கிவிட்டு மிகவும் நிதானமாக ஓட்டினான்.

மார்த்தாவுக்கு அன்று வேறு வீட்டில் வேலை இருந்திருக்க வேண்டும். நெல்ஃபா எடுத்த முதல் சீட்டே இஸ்திரி.

ஜன்னலுக்கு வெளியே அடெல்ஃபா நின்றாள். உள்ளே நெல்ஃபா காலரை முடித்தாள், கையை முடித்தாள், முதுகை முடித்தாள். இவ்வளவு மெதுவாக அவள் இஸ்திரி போட்டு அடெல்ஃபா பார்த்ததில்லை. சட்டை மடிந்து மேசைக்குப் போனது. கட்டிலில் பொம்மை காத்திருந்தது. பால்மெஸ் அம்மையார் இந்த முறை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு குழாயை ஒரு பார்வை, நெல்ஃபாவை ஒரு பார்வை பார்த்தார்.

நெல்ஃபா பொம்மையிடம், “கொஞ்சம் இருங்க லோலோ, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுக் குழாயருகே போனாள். நின்றாள். கைகள் அக்குளுக்குப் பாதி வழியில் நின்றன. திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. நீட்டு. விரிச்சு நீட்டு.

அடெல்ஃபா பையைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைத் தூக்கினாள். விரல் நுனிகள் ஆடின. வெறும் வயிற்றாலோ, கடுங்காபியாலோ, பயத்தாலோ, அந்த ஐஸ் வாளியாலோ, எதனால் என்று அவளுக்கே தெரியவில்லை. நெல்ஃபாவின் கண் விரல்களுக்கு வந்து சேருமுன், இரண்டு உள்ளங்கைகளையும் ஜன்னல் கண்ணாடியில் பதித்து, விரல்களை அகல விரித்து, நகங்கள் வெளுக்க அழுத்தினாள். பத்து விரலும் அசையாமல் நின்றன.

நெல்ஃபா கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள். பிறகு வலது முழங்கையை விலாவிலிருந்து இன்னும் கொஞ்சம் விலக்கி, அதனாலேயே குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் விழும் சத்தம் நிற்கும்வரை அடெல்ஃபா கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை.